வாரத்துக்கு ஒரு கதை: முதல் வகுப்புக் கிறிஸ்தவப் பிள்ளைக்குப் பள்ளியும் வீடும் சேர்ந்து பாடம் திட்டமிட

ஜூன் மாதம் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்த்த கையோடு, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு கேள்வி எழும். எழுத்தையும் எண்ணையும் பள்ளி பார்த்துக்கொள்ளும். விவிலியத்தையும் செபத்தையும் யார், எப்போது, எவ்வளவு சொல்லிக்கொடுப்பது? பள்ளியே கிறிஸ்தவப் பள்ளி, அங்கேயே எல்லாம் நடந்துவிடும் என்று சில வீடுகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் நேர் எதிர். பள்ளி விட்டு வந்த பிள்ளையை உட்காரவைத்து, அங்கே எழுதியதையே மறுபடி எழுதவைத்து, போதாததற்கு வசனமும் ஒப்பிக்கச் சொல்கிறார்கள். இரண்டுமே பிள்ளைக்கு நல்லதில்லை.

முதல் வகுப்பு ஆசிரியராகவும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் மறைக்கல்வி, அதாவது கிறிஸ்தவ சமயப் பாடம், எடுப்பவராகவும் நான் பெற்றோரிடம் சொல்வது இதுதான். வாரத்துக்கு ஒரே ஒரு விவிலியக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் பள்ளியில் என்ன எழுத்து, என்ன எண், சூழ்நிலையியலில் என்ன பாடம் நடக்கிறதோ, அதையெல்லாம் வீட்டில் அந்தக் கதைக்குள் வைத்துப் பேசுங்கள். கற்றுக்கொடுப்பது பள்ளியின் வேலை. கற்றதைக் கதையோடும் கடவுளோடும் அன்றாட வாழ்க்கையோடும் இணைப்பது வீட்டின் வேலை. இந்தப் பிரிவு தெளிவாக இருந்தால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும்.

முதலில், உங்கள் பள்ளி எந்த வகை என்று பாருங்கள்

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் சமயப் போதனை கிடையாது. அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால் கதையும் செபமும் முழுக்க வீட்டுக்கும் கோயிலுக்கும்தான். அதில் குறையொன்றும் இல்லை. திட்டம் போடுவது இன்னும் எளிது.

கிறிஸ்தவ நிர்வாகத்தில் நடக்கும் உதவி பெறும் பள்ளியாக இருந்தால் காலை வழிபாட்டில் செபம் இருக்கும், வாரத்தில் ஒன்றிரண்டு வகுப்பு மறைக்கல்விக்கோ நன்னெறிக்கோ ஒதுக்கியிருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பக்கம் மறைக்கல்விக்குப் போக, மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி நடக்கும். அதே 28-ஆவது பிரிவின்படி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய வகுப்பில் உட்காரவைக்க முடியாது. செட்டிநாட்டுப் பள்ளிகளில் வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். அதனால் பள்ளி முழுநாளும் விவிலியத்தை வைத்தே பாடம் நடத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள், அப்படி நடத்தச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். அந்த இணைப்பு வேலை உங்களுடையது.

மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளி என்றால் நேரம்தான் சிக்கல். வேன் ஆறேமுக்காலுக்கே வந்து நிற்கும்; பிள்ளை வீடு திரும்ப நாலரை ஆகும். அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் பாடம் எதுவும் வைக்காதீர்கள்.

அடுத்து, வகுப்பு ஆசிரியரிடம் மூன்று கேள்வி

நீண்ட பேச்சு வேண்டாம். வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது, அல்லது டைரியில் ஒரு வரியாக: "டீச்சர், அடுத்த வாரம் தமிழ்ல எந்த எழுத்து நடக்கும்? கணக்குல எதுவரைக்கும் வந்திருக்கீங்க? மறைக்கல்வி வகுப்பு எந்தக் கிழமை?" இவ்வளவுதான். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியானால் மறைக்கல்வி எடுக்கும் சிஸ்டரிடம் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: அடுத்த மாதம் என்னென்ன கதை வருகிறது என்று. பெரும்பாலும் அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். பள்ளியின் கதையும் உங்கள் கதையும் ஒன்றாக அமைந்தால் நல்லது. அமையாவிட்டால் பள்ளியின் கதையை நீங்கள் பின்தொடருங்கள். ஒரே வாரத்தில் இரண்டு கதை என்றால் பிள்ளைக்கு இரண்டுமே கலங்கிப்போகும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி முதல் வகுப்பு நடக்கிறது. பாடல், கதை, செயல்பாடு என்றே வகுப்பு போகும்; பிள்ளைக்குப் பயிற்சி நூல் இருக்கும். அதைப் புரட்டினாலே எழுத்தும் எண்ணும் எங்கே வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். டீச்சரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு, இந்த இரண்டு வகுப்புகளுக்கும் புத்தகப்பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றது. இவ்வளவு யோசித்துப் பிள்ளையின் மாலையை விடுவித்திருக்கும்போது, கடவுள் பெயரைச் சொல்லி நாமே அதைத் திரும்ப நிரப்பக் கூடாது. வீட்டுப் பங்கில் எழுத்து வேலை குறைவாகவும் பேச்சும் கையும் கூடுதலாகவும் இருக்கட்டும்.

கதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பலரும் ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகப் பார்க்கிறார்கள். முதல் வகுப்புக்கு அது சரிவராது. என் கணக்கு வேறு: வகுப்பில் எண்கள் எதுவரை வந்திருக்கின்றனவோ, அந்த எண்ணுக்குப் பொருந்தும் கதையை எடுப்பது.

ஜூன், ஜூலையில் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை நடக்கும்போது படைப்பின் கதை பொருந்தும். ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு. நோவாவின் பேழையில் இரண்டிரண்டாக எண்ணலாம். எண்கள் பத்தைத் தாண்டியதும் ஐந்து அப்பமும் இரண்டு மீனும். அதில் பன்னிரண்டு கூடை வருகிறது. காணாமல்போன ஆட்டின் கதையில் தொண்ணூற்றொன்பதும் நூறும் வருவதால், அதை மூன்றாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் திருவழிபாட்டுக் காலம் வந்தால் அதற்கே முதலிடம். டிசம்பரில் குடில் கட்டும்போது வேறு கதை எடுபடாது. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப் பாதைக்குப் போகும் குடும்பமென்றால் அன்று வீட்டில் பாடமே வேண்டாம். பிப்ரவரி 4 புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாள். லிஸ்பனில் 1647-இல் பிறந்து, இராமநாதபுரம் பக்கத்து மறவ நாட்டுக்கு வந்து, 1693-இல் ஓரியூரில் உயிர் கொடுத்தவர். அந்த வாரம் அவர் கதையையே சொல்லலாம். வெட்டுப்பட்ட விவரமெல்லாம் ஆறு வயதுக்கு வேண்டாம். தூர தேசத்திலிருந்து கடல் தாண்டி வந்தார், நம் பேச்சைக் கற்றார், இங்குள்ள துறவிகளைப் போலச் சைவ உணவு சாப்பிட்டுக் காவி உடுத்தினார், மக்கள் அவரை விரும்பினார்கள் என்ற அளவில் நிறுத்துங்கள். பிறகு ஒரு நாள் ஓரியூருக்குக் கூட்டிப்போங்கள். அந்தச் செம்மண்ணைக் கையில் அள்ளிய பிள்ளை கதையை மறக்காது.

யார் எதை எடுத்துக்கொள்வது

வீட்டில் எல்லோரும் எல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை தப்பித்து ஓடும். ஆளுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

கதை சொல்வது அப்பத்தாவுக்கோ அம்மாச்சிக்கோ. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது இங்கே குறையே இல்லை. புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவரைவிடக் கண்ணைப் பார்த்துக் கதை சொல்பவரிடம்தான் பிள்ளை ஒட்டும். சனிக்கிழமை இரவு நீங்கள் விவிலியப் பகுதியை அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், மறுநாள் அவர்கள் பாணியில் சொல்லிவிடுவார்கள்.

எழுத்தும் எண்ணும் அம்மாவுக்கு, அல்லது மாலையில் வீட்டில் இருப்பவருக்கு.

அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகள் நம் பக்கம் அதிகம். அவரை வெறும் பார்வையாளராக விடாதீர்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு எட்டு என்றால் அங்கே பத்தரை. வேலை முடிந்து களைத்திருக்கும் மனிதரிடம் அப்போது பாடம் கேட்க முடியாது. ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோ காலில், பிள்ளை அப்பாவுக்குக் கதை சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வேலை கேட்பது மட்டும். நடுவில் திருத்தக் கூடாது என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

செபத்தில் ஒரு சிறு முன்னெச்சரிக்கை. கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளியில் படிக்கலாம், அல்லது நேர்மாறாக இருக்கலாம். அப்போது ஆண்டவர் கற்பித்த செபமே இரண்டு வடிவத்தில் காதில் விழும். வசனங்களும் அப்படியே: ஒரு பக்கம் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை", மறுபக்கம் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்". மனப்பாடத்துக்கு உங்கள் கோயிலில் சொல்லும் வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மற்றது தவறு என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பள்ளியில் அதையும் சொல்லட்டும்.

ஒரு மாதிரி வாரம்

இனி ஒரு வாரத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். கதை, ஐந்து அப்பமும் இரண்டு மீனும். யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரத்திலிருந்து எடுக்கிறேன். நான்கு நற்செய்திகளிலும் இந்நிகழ்ச்சி வந்தாலும், அப்பத்தைக் கொடுத்தது ஒரு சிறுவன் என்று சொல்வது யோவான்தான். பிள்ளைக்கு அந்தச் சிறுவன் வேண்டும். மனப்பாட வசனம், திருப்பாடல் 23-இன் முதல் வரி. சின்ன வரி; கதைக்கும் பொருந்துகிறது.

முன்கூட்டி எடுத்துவைக்க வேண்டியவை: ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, பல்லாங்குழிப் பலகை, ஒரு சின்னக் கொட்டான் (பனையோலைக் கூடை), மளிகைக் கடையில் ஐம்பது கிராம் பார்லி, கோடு போடாத நோட்டு ஒன்று. அந்த நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும், பையில் ஏற்ற வேண்டாம்.

ஞாயிறு. பூசை முடிந்து, மறைக்கல்வி முடிந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு கதை. பசியிலிருந்து தொடங்குங்கள்: "காலையில இருந்து எல்லாரும் இயேசு சாமி பேசுறதைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பொழுது சாயப்போகுது. எல்லாருக்கும் பசி." ஐயாயிரம் என்ற எண் ஆறு வயதுக்கு எட்டாது. நம் கோயில் தேர்த் திருவிழாவுக்கு வருமே அவ்வளவு கூட்டம் என்று சொன்னால் புரியும். இருநூறு தெனாரியத்துக்கு வாங்கினாலும் போதாது என்று பிலிப்பு சொல்வதை, "இருநூறு நாள் கூலிக் காசுக்கு வாங்கினாலும் பத்தாதாம்" என்று சொல்லுங்கள். ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒரு நாள் கூலி.

இடத்தையும் காட்டுங்கள். கலிலேயாக் கடல் என்று பெயர் இருந்தாலும் அது நன்னீர் ஏரி. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம். "நம்ம கண்மாய் மாதிரி, ஆனா அக்கரை கண்ணுக்குச் சின்னதாத் தெரியுற அளவுக்குப் பெருசு" என்றால் போதும். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, அந்தச் சிறுவன் கையில் இருந்த இரண்டு மீன் உடனே கண்முன் வரும்.

அப்பம் என்றதும் நம் வீட்டுப் பிள்ளை கந்தரப்பத்தைத்தான் நினைக்கும். அதைத் திருத்த அவசரப்பட வேண்டாம், புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம். கதை முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள். "இதுல இருந்து என்ன தெரியுது?" என்ற கேள்வி கதையைக் கொன்றுவிடும்.

திங்கள், தமிழ். கதையிலிருந்து ஒரே ஒரு சொல், மீன். பள்ளியில் மெய்யும் உயிர்மெய்யும் தொடங்கியிருந்தால் மி, மீ இரண்டையும் காதால் பிரித்துக் கேட்கவையுங்கள். குறிலுக்குக் கையை ஒருமுறை தட்டுவது, நெடிலுக்குக் கையை இழுப்பது. எழுதுவது முற்றத்து மணலில் விரலால், அல்லது தாம்பாளத்தில் பரப்பிய கோல மாவில். நோட்டு வேண்டாம்.

கூடை என்ற சொல்லும் கதையில் இருக்கிறதே, அதையும் எழுதவைக்கலாமே என்று தோன்றும். பொறுங்கள். தமிழில் உகர, ஊகார வரிசைதான் சின்னப் பிள்ளைகளைத் தடுக்கிவிடும். கு, சு, மு, னு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம் எடுக்கிறது. கூ வந்ததால் மூ எழுதிவிடலாம் என்று சொல்ல முடியாது. ஆகார, இகர, ஈகார வரிசைகள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் வருபவை. பள்ளி ஊகாரத்துக்கு வரும்வரை கூடையைப் படமாக வரையட்டும். வீடு பள்ளியை முந்திக்கொண்டு ஓடினால் பிள்ளை வகுப்பில் கவனிக்காது. இது நான் வகுப்பில் அடிக்கடி பார்ப்பது.

செவ்வாய், கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த நாள் இது. பல்லாங்குழிப் பலகையில் ஒரு வரிசைக்கு ஏழு குழி. ஐந்து குழியில் அப்பத்துக்கு ஒரு புளியங்கொட்டை வீதம், மீதி இரண்டில் மீனுக்குச் சோழி. ஐந்தும் இரண்டும் ஏழு, வரிசை நிறைந்துவிட்டது. இப்போது ஒன்றை மாற்றி வைத்துப் பாருங்கள்: நான்கு அப்பமும் மூன்று மீனும் இருந்திருந்தால்? ஆறும் ஒன்றும்? வரிசை அதே ஏழுதான். கூட்டலின் அடிப்படையே இதற்குள் இருக்கிறது. கரும்பலகையில் ஒரு வாரம் எடுக்கும் விஷயம் பலகையில் பத்து நிமிடத்தில் கைக்கு வரும்.

பிறகு மீந்த பன்னிரண்டு கூடை. பலகையில் மொத்தம் பதினான்கு குழி. இரண்டை மூடிவைத்தால் பன்னிரண்டு. குழிக்கு ஒரு கொட்டை போட்டு எண்ணி, பத்தை எடுத்துக் கொட்டானில் போடச் சொல்லுங்கள். வெளியே நிற்பது இரண்டு. ஒரு பத்தும் இரண்டு ஒன்றும் பன்னிரண்டு. பத்துகள், ஒன்றுகள் என்று பள்ளியில் தீக்குச்சிக் கட்டு வைத்து நடத்துவார்கள்; பிள்ளை அங்கே உடனே கையைத் தூக்கும்.

மாற்கு நற்செய்தியில் மக்களை நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் பசும்புல் தரையில் உட்காரவைத்ததாக வருகிறது. மிச்சமிருக்கும் கொட்டைகளை ஐந்து ஐந்தாக உட்காரவைத்து விளையாடலாம். அப்பத்தா உடனிருந்தால் முடிவில் ஒரு ஆட்டம் பல்லாங்குழி. அதுவும் எண்ணல் பயிற்சிதான்.

வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் அது இன்னொரு கணக்குப் புத்தகம். பூ, கட்டம், பூ, கட்டம் என்று திரும்பத் திரும்ப வரும் அமைப்பு முதல் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. தரையில் நடந்தபடியே அடுத்து என்ன வரும் என்று சொல்லட்டும். இதற்குத் தனி நாள் வேண்டாம், போகிறபோக்கில்.

புதன், சூழ்நிலையியல். சமையலறையில் நடத்துங்கள். அரிசி, கோதுமை, பார்லி மூன்றையும் மூன்று கிண்ணத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்கட்டும். பார்லியைத்தான் விவிலியத்தில் வாற்கோதுமை என்று சொல்லியிருக்கிறது. அந்தச் சிறுவன் கொண்டுவந்தது அதில் சுட்ட அப்பம், கோதுமை வாங்க வசதி இல்லாத ஏழைகள் சாப்பிடும் அப்பம் என்று இங்கே சொல்லுங்கள். கந்தரப்பத்தை நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, "அப்போ இனிப்பா இருக்காதா?" என்று கேட்கும். இருக்காது என்று சொல்லுங்கள். அதை அவன் கொடுத்தான் என்பதில்தான் கதையின் பாதி இருக்கிறது.

மீதிப் பாதி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு இயேசு சொன்னது: மீந்ததை ஒன்றும் வீணாகாமல் சேர்த்துவையுங்கள். இதற்குப் பாடம் தேவையில்லை. அன்று இரவு தட்டில் எவ்வளவு போட்டுக்கொள்வது என்று பிள்ளையையே முடிவு செய்யவிடுங்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை காலை உணவும் சத்துணவும் எல்லோருடனும் வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2024-இல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று கேளுங்கள். புல்தரையில் உட்கார்ந்த கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பேச்சிலேயே விளங்கும்.

வியாழன், ஆங்கிலம். ஃபிஷ், பிரெட், பாய், பாஸ்கெட். சொல்லிப் பழகினால் போதும். பள்ளியில் ஒலிப்பு முறையில் நடத்துகிறார்கள் என்றால் எழுத்தின் பெயரைச் சொல்லிக் குழப்பாதீர்கள், ஒலியை மட்டும் சொல்லுங்கள். வியாழன் பொதுவாகப் பிள்ளைகள் களைத்துப்போகும் நாள். ஐந்து நிமிடத்தோடு விட்டுவிடுங்கள்.

வெள்ளி, கைவேலை. பனையோலை கிடைத்தால் கீற்றாக வகிர்ந்து, ஒன்றுவிட்டு ஒன்று பின்னும் அடிப்பாகத்தை மட்டும் செய்யட்டும். முழுக் கொட்டான் ஆறு வயதுக் கைக்கு வராது. ஓலை கிடைக்காத டவுன் வீடுகளில் பழைய காலண்டர் தாளைக் கீற்றாக நறுக்கிக்கொள்ளலாம். பின்னி முடித்ததை அந்தக் கோடு போடாத நோட்டில் ஒட்டி, பக்கத்தில் கதையை வரையட்டும். என்ன வரைந்திருக்கிறது என்று பிள்ளை சொல்லச் சொல்ல, நீங்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள், பிள்ளையின் சொல்லிலேயே. "அந்த அண்ணன் டிபன் பாக்ஸ கொடுத்துட்டான்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். பிள்ளைக்குக் கதை எவ்வளவு புரிந்திருக்கிறது என்று அந்த வரி காட்டிவிடும். தேர்வு எதுவும் வைக்க வேண்டியதில்லை.

இந்த நோட்டை மாதத்துக்கு ஒருமுறை வகுப்பு ஆசிரியரிடமோ சிஸ்டரிடமோ காட்டுங்கள். வீட்டில் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்று எங்களுக்கு வகுப்பில் தெரிவதில்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் இவ்வளவு சொல்லியிருக்கிறதா என்று பார்த்தால், மறுநாள் அந்தப் பிள்ளையிடம் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

சனி, கொடுப்பது. வெள்ளைப் பணியாரமோ சீயமோ, வீட்டில் என்ன செய்தீர்களோ அதில் கொஞ்சம் கொட்டானில் வைத்து, பிள்ளை கையாலேயே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் நமக்குப் பலகாரம் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு நாம் கொடுக்கிறோம். காரணமே இல்லாத ஒரு சனிக்கிழமையும் கொடுக்கலாம் என்று பிள்ளைக்குத் தெரியட்டும். வாங்கிக்கொள்பவரிடம் கதை சொல்லச் சொல்லி அனுப்பாதீர்கள். கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

வசனத்துக்கும் செபத்துக்கும் தனி நேரம் வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரவுக் குடும்ப செபத்தின் முடிவில் எல்லோரும் சேர்ந்து அந்த வரியை ஒருமுறை சொல்லுங்கள். ஏழு இரவு கேட்டால் மனப்பாடம் தானே ஆகிவிடும். முதல் வகுப்புக் கத்தோலிக்கப் பிள்ளைக்கு ஆண்டு முழுவதுக்குமே சிலுவை அடையாளம், ஆண்டவர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, சாப்பாட்டுக்கு முன் ஒரு நன்றி, இவ்வளவு போதும். முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன.

வாரம் உடைந்துபோனால்

உடையத்தான் செய்யும். காய்ச்சல் வரும், ஊர்த் திருவிழா வரும், சொந்தத்தில் கல்யாணம் வரும். விட்ட நாளின் வேலையை மறுநாளோடு சேர்க்காதீர்கள். அது போனது போனதுதான். ஒரு வாரத்தில் ஞாயிறு கதை, செவ்வாய்க் கணக்கு, சனிக்கிழமைக் கொட்டான், இந்த மூன்றும் நடந்திருந்தாலே அது நல்ல வாரம். பருவத் தேர்வு வாரத்தில் கதையும் இரவு வசனமும் மட்டும். மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் புதுக் கதை வேண்டாம், பழைய நோட்டை எடுத்துப் புரட்டிப் பிள்ளையே நமக்குச் சொல்லட்டும்.

பிள்ளை ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, "கவின் வீட்டுல வேற சாமி கும்பிடுறாங்க, அது தப்பா?" என்று கேட்கலாம். முதல் வகுப்பில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். "அவங்க வீட்டுல அப்படிக் கும்பிடுறாங்க, நாம இப்படிக் கும்பிடுறோம். கவின் உன் ஃபிரண்டு" என்று நேராகப் பதில் சொல்லுங்கள். பள்ளியும் இதைத்தான் சொல்லும். இந்த ஒரு விஷயத்தில் வீடும் பள்ளியும் வேறுவேறு பேசினால், நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளை.

வீட்டில் இன்னொரு பிள்ளை மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருந்தால் தனித் திட்டம் போடாதீர்கள். கதை ஒன்றேதான், பெரிய பிள்ளை விவிலியத்திலிருந்து அந்தப் பகுதியை வாசிக்கட்டும், கணக்கில் பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு பேருக்குப் பங்கு பிரிக்கட்டும்.

அடுத்த வாரத்துக்கு

சனிக்கிழமை இரவு, அடுத்த கதைக்கு என்ன வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவிடுங்கள். மூன்றாம் பருவத்தில் காணாமல்போன ஆட்டின் கதைக்கு வரும்போது, லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனம் போதும். திருப்பாடல் 23-இன் முதல் வரி ஏற்கெனவே மனப்பாடம் ஆகியிருப்பதால் அடுத்த வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். நூறு புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரித்து வையுங்கள், ஒன்றை மட்டும் முன்கூட்டியே வீட்டில் எங்காவது ஒளித்துவிடுங்கள். அது அறுவடை முடிந்த நேரமாக இருக்கும். வயல்களில் கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) கிடை போட்டிருப்பார்கள். ஒரு மாலை பிள்ளையைக் கூட்டிப்போய், இத்தனை ஆட்டில் ஒன்று குறைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று அந்தக் கீதாரியிடமே கேட்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கதையை அந்தப் பதிலிலிருந்து தொடங்கலாம்.